அப்பாவுக்கு வேறு குரல்

போர்-மெர்சியே
ஜனவரி 20, 1974

அன்புள்ள தம்பி கயேத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மொன்ரியால் குளிர் நம் ஊர்க் குளிரைப் போலக் கடிக்காது. ஆனாலும் நீ தொப்பி போடாமல் திரிகிறவன், அதனால் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது?

அப்பாவின் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்த புண் ஆறிவிட்டது. துளை இருக்கும் இடத்தை அம்மாவின் பழைய நீலத் துணியைச் சுற்றி மூடிக்கொள்கிறார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஜோசேயின் பள்ளி நோட்டில் எழுதிக் காட்டுகிறார். உன் மருமகள் அவருடைய எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்துகிறாள். ஒன்பது வயதுக்கு இவ்வளவு கண்டிப்பு ஆகாது என்று சொல்லிவிட்டேன், கேட்பதாக இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். கழுத்தில் வைத்து உதட்டை அசைத்தால் தகர டப்பா பேசுவது போல ஒரு சத்தம் வரும். அப்பா ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். அதோடு அது அலமாரிக்குப் போய்விட்டது.

உங்கள் படம் அடுத்த மாதம் மொன்ரியாலில் வெளியாகிறது என்று பத்திரிகையில் வந்திருக்கிறது. அப்பா அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார். போன மார்ச்சில் நீங்கள் பத்துப் பேர் இங்கே வந்து, பனி தள்ளும் வண்டி ஓட்டும் அப்பாவை, பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனாகவே நடிக்க வைத்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. நம் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி என்று ஒன்று இருந்ததே இல்லை. இந்த உலகத்தில் அப்பாவின் குரல் மிச்சம் இருக்கிற ஒரே இடம் அந்தப் படம்தான். நல்லவேளை, ஒலிப்பதிவு செய்தவன் நீ.

படம் எப்போது இங்கே வரும்? போனில் கேட்டிருப்பேன். நாலு வீட்டுக்கு ஒரே இணைப்பு. நான் வாயைத் திறந்ததும் பக்கத்து வீட்டு மதாம் புர்க் ஒட்டுக்கேட்டு மூச்சுவிடுவது கேட்கிறது.

உன் அத்தான் நொர்மானும் உன்னை விசாரித்தார்.

உன் அக்கா,
ரெஜான்



மொன்ரியால்
பிப்ரவரி 16, 1974

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் நலம். தொப்பியும் போட்டுக்கொள்கிறேன். அத்தானுக்கு என் அன்பு. ஜோசேயின் சிவப்புப் பென்சிலை ஒளித்து வை.

படம் எட்டாம் தேதி வெளியானது. பனியில் வரிசை நின்று பார்க்கிறார்கள், நம்ப முடிகிறதா? பாரிஸ் நடிகர்கள் நடித்த படம் ஓடுகிற தியேட்டர் எதிரிலேயே இருக்கிறது, அங்கே கூட்டம் இல்லை. இங்கே ஜனங்கள் தங்களைப் பார்க்க வருகிறார்கள். எங்கள் டைரக்டர் எத்தியென் லபே சந்தோஷத்தில் தூங்குவதில்லை. ஒரு பத்திரிகையில், 'கடைசியில் நம் திரையில் நம் வாயே பேசுகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். கத்தரித்து அனுப்பியிருக்கிறேன்.

ஊரில் காட்டுவது கஷ்டம். படச்சுருள் இரண்டே பிரதிதான் இருக்கிறது. அங்கே தியேட்டரும் கிடையாது. அப்பாவுக்கு வீணாக ஆசை காட்டாதே.

அவர் நன்றாகச் சாப்பிடுகிறாரா?

தம்பி,
கயேத்தான்



போர்-மெர்சியே
மார்ச் 10, 1974

அன்புள்ள தம்பி,

எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் பல்வலி. ஐந்து நாளாகச் சாலை மூடிக் கிடக்கிறது, பல் டாக்டர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அப்பா இருந்த காலத்தில் சாலை இரண்டு நாளுக்கு மேல் மூடியதில்லை. பார், அப்பா 'இருந்த காலத்தில்' என்று எழுதிவிட்டேன். வண்டி ஓட்டிய காலத்தில் என்று படித்துக்கொள்.

ஆசை காட்டாதே என்று ஏன் எழுதினாய்? அவருக்குப் பேச்சே போய்விட்டது. ஆசையும் கூடாதா?

நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டை அவர் பத்துத் தடவை படித்திருப்பார். 'அல்சீத் ஷெவாரியின் குரல், சக்கரத்துக்கு அடியில் அரைபடும் சரளைக்கல்' என்று அப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்கிறதல்லவா? அதற்குக் கீழே கோடு போட்டு, நோட்டில் 'சரளையா?' என்று எழுதிக் காட்டினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்று. நொர்மானின் தங்கை உகெத் மொன்ரியாலில் படம் பார்த்தாளாம். போனில் சொன்னாள்: "உங்கப்பா எவ்ளோ நல்லா பேசுறாரு அண்ணி! நம்ம தெருக்காரர் மாதிரியே பேசுறாரு. ஊருக்கு வந்தப்ப எனக்கு அவர் சொல்றதுல பாதி புரியாது. இப்ப ஒரு வார்த்தைகூட விடாமப் புரிஞ்சுது."

நம் அப்பா எப்போது அவள் தெருக்காரர் மாதிரி பேசினார்? ஒன்றும் விளங்கவில்லை. பாதிரியாரிடம் பேசினேன். சர்ச்சின் பங்கு மண்டபத்தில் சின்ன புரொஜெக்டர் இருக்கிறது. அவரே படக் கம்பெனிக்கு எழுதுகிறார்.

ரெஜான்



போர்-மெர்சியே
ஏப்ரல் 21, 1974

அன்புள்ள தம்பி,

சுகமா? ஈஸ்டருக்கு உன்னிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை. அப்பா மூன்று நாள் தபாலாபீஸ் வரை நடந்து போய்விட்டு வந்தார். கடல் இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.

உங்கள் கம்பெனி பாதிரியாருக்குப் பதில் போட்டுவிட்டது. சின்ன அளவில் ஒரு பிரதி எடுத்திருக்கிறார்களாம். ஜூன் முதல் தேதி, சனிக்கிழமை, இங்கே படம். கஷ்டம் என்றாயே, ஒரு கடிதத்தில் முடிந்துவிட்டது.

அப்பா தன் கல்யாணக் கோட்டை வெயிலில் போட்டிருக்கிறார்.

ரெஜான்



மொன்ரியால்
மே 20, 1974

அன்புள்ள அக்கா,

பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். பிரான்சில் ஒரு விழாவுக்குப் படத்தோடு போயிருந்தேன், நேற்றுதான் வந்தேன். ஜலதோஷம் தவிர வேறொன்றும் இல்லை. உன் பல் என்ன ஆயிற்று?

அங்கே நடந்த கூத்தைக் கேள். கனடாவில் நாம் பேசும் பிரெஞ்சில் எடுத்த படத்தைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டுகிறோம், திரைக்கு அடியில் பிரெஞ்சு எழுத்து ஓடுகிறது! நாங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாதாம். படம் முடிந்ததும் ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப அழகா இருந்துது. உங்க மொழிக்குப் பேரு என்ன?" என்று கேட்டாள். லபே பக்கத்தில் நின்றிருந்தான். "உங்க பாட்டனார் பேசினது, மதாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அக்கா, ஒரு உதவி. முடிந்தால் அப்பாவை அன்றைக்கு மண்டபத்துக்குக் கூட்டிப் போகாதே. புரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று சொல், எதையாவது சொல். ஏன் என்று எழுத முடியவில்லை. நேரில் வரும்போது சொல்கிறேன்.

கயேத்தான்



போர்-மெர்சியே
ஜூன் 3, 1974

கயேத்தானுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. சனிக்கிழமை படம் முடிந்துவிட்டது. அதனால் நலம் விசாரிப்பதையெல்லாம் இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நூற்றெண்பது பேர். நாற்காலி போதாமல் சர்ச்சிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள். அப்பா கல்யாணக் கோட்டில் முதல் வரிசையில், நான் ஒரு பக்கம், ஜோசே ஒரு பக்கம். நம் சாலை வந்தது. அப்பாவின் வண்டி வந்தது. ஆள் ஆளுக்குக் கைதட்டினார்கள். அப்பா வண்டியிலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றி, மீசையிலிருந்த பனியைத் துடைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

வேறு யாரோ பேசினான்.

முதலில் புரொஜெக்டர் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த வாக்கியம், அதற்கடுத்த வாக்கியம். நல்ல குரல்தான், மொன்ரியாலின் கிழக்குத் தெருக்களில் கேட்கிற குரல். நம் ஊரில் யாருக்கும் அந்த இழுப்பு கிடையாது. பின்னால் யாரோ சிரித்தார்கள். "அல்சீத்து, எப்பய்யா பட்டணம் போனே?" என்று ஒரு சத்தம். பிறகு அவர்களுக்கே நினைவு வந்திருக்க வேண்டும், இந்த மனுஷனுக்கு இப்போது குரலே இல்லை என்று. மண்டபம் அடங்கிப் போயிற்று. அந்த அமைதியில் உன் மருமகள் எழுந்து நின்று கத்தினாள்: "அம்மா, இது தாத்தா இல்ல! தாத்தா வாயில யாரு பேசுறாங்க?"

அப்பா அசையவில்லை. ஒரு மணி நாற்பது நிமிஷம், கை இரண்டையும் முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். அவர் தலையாட்டிப் புன்னகை செய்தார். வீட்டுக்கு வந்து நோட்டில் 'நல்லா இருந்திச்சு' என்று எழுதினார். ஜோசே இந்த முறை திருத்தவில்லை.

நம் திரையில் நம் வாய் பேசுகிறது என்று அனுப்பினாயே ஒரு துண்டு. யாருடைய வாய்? நீதானே ஒலிக்குப் பொறுப்பு? அவருடைய குரல் எங்கே?

ரெஜான்



மொன்ரியால்
ஜூன் 17, 1974

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் குரல் ரோசேர் பாக்கேன் என்ற நடிகருடையது. நல்ல மனிதர். மூன்று நாள் ஸ்டூடியோவில் நின்று அப்பாவின் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். முடிவு என்னுடையது. ஊரில் படம் எடுத்தபோதெல்லாம் காற்று பலமாக அடித்தது. வண்டி எஞ்சின் சத்தம் வேறு. மைக்கில் அப்பாவின் பேச்சு சரியாக விழவில்லை. அது என் வேலையில் வந்த தவறு. வேறு யாரையும் குறை சொல்லாதே, லபேயைக்கூட.

ஒலிநாடாக்கள் இருக்குமா என்று தெரியவில்லை. படம் முடிந்ததும் அவற்றின் மேலேயே அடுத்த படத்தைப் பதிவு செய்துவிடுவது இங்கே வழக்கம். தேடுகிறேன்.

அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? இதைச் சமாதானமாக எழுதவில்லை.

கயேத்தான்



போர்-மெர்சியே
ஜூலை 28, 1974

கயேத்தானுக்கு,

எல்லோரும் சுகம்.

காற்றா? சமையலறைக் காட்சியிலும் அந்தக் குரல்தான் பேசுகிறது. நம் சமையலறையில் எந்தக் காற்று அடித்தது?

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 'முடிவு என்னுடையது' என்ற இடத்தில் என் கையிலிருந்து பிடுங்கி, தானே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு திருப்பித் தரவே இல்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன்மேல் இவ்வளவு கோபம் அவருக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுவிட்டேன் என்றுதான் இருந்தேன்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

ரெஜான்



போர்-மெர்சியே
ஆகஸ்ட் 9

கயேத்தா,

நான் அப்பா எழுதுறேன். நல்லாருக்கேன். நீ நல்லாருக்கியா. ஜோசேகிட்ட காட்டல, பென்சிலைத் தூக்கிக்கிட்டு வந்துடுவா. நாலாங் கிளாஸோட நின்னவன், வாயில வர்றத அப்படியே எழுதுறேன்.

நீ பொய் சொல்லிட்டே. காத்தும் அடிக்கல ஒண்ணும் அடிக்கல. நான்தானே உன்கிட்ட கெஞ்சினேன். நீ வேணாம்ப்பா வேணாம்ப்பான்னு எத்தன தடவ சொன்னே. அக்கா உன்னய திட்டித் திட்டி எழுதுறா, நீ எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கிறே. நான் பக்கத்துல உக்காந்து சூப்பு குடிக்கிறேன். எனக்கே கேவலமா இருக்கு.

போன வருசம் நீங்க இங்க வந்தப்ப, மண்டபத்துல எடுத்த வரைக்கும் போட்டுக் காட்டினீங்க இல்ல, அதுலதான் என் குரல நான் மொதமொதல்ல கேட்டேன். அறுபது வருசமா இப்பிடித்தான் பேசிட்டிருந்தேனான்னு ஆயிடிச்சு. எனக்கு மகளா நடிச்ச பொண்ணு, என்ன சொன்னாருன்னு ரெண்டு தடவ கேட்டிச்சு. நான் முப்பத்தெட்டாம் வருசம் வேல தேடி மொன்ரியால் வந்தப்ப, பூட்ஸு கடையில ஒருத்தி, மனுசன் பேசுற மாதிரி பேசுய்யான்னா. அவளும் நம்ம பாஷக்காரிதான். அது அப்படியே நெஞ்சில ஏறி உக்காந்துகிச்சு. ஊரே பாக்கப் போற படத்துல நான் அப்பிடி பேசணுமா, என் புள்ள பேரு கெடுமேன்னு நெனச்சேன்.

இப்ப அந்த ஆளு பேசினத கேட்டேன். நல்லாத்தான் பேசுறாரு. ஆனா கயேத்தா, எனக்கு என்னமோ என் வீட்டுல வேற ஒருத்தன் என் நாற்காலில உக்காந்திருக்க மாதிரி இருந்திச்சு. நானேதான் உக்கார வெச்சேன். அப்பறம் எப்பிடி எழுந்திரின்னு சொல்றது?

ரெஜான்கிட்ட சொல்லணும்னு நோட்ட எடுக்குறேன். கை வரமாட்டேங்குது. என் குரல்ல ஒரு துண்டாவது மிச்சம் இருந்தா அனுப்பு.

அப்பா



மொன்ரியால்
செப்டம்பர் 22, 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருப்பது உங்கள் கடிதத்திலேயே கேட்டது.

ஒரு மாதம் தேடினேன். பதினான்கு ஒலிநாடாப் பெட்டிகளில் பதின்மூன்றின் மேல் வேறு படம் ஏறிவிட்டது. ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. அதன் மேல் என் கையெழுத்தில் 'சமையலறை, அமைதி' என்று எழுதியிருக்கிறது. ஒன்றும் இல்லாத பெட்டி என்று யாரும் தொடவில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் ஒவ்வொரு இடத்திலும் வெறும் அமைதியை ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்வோம், பேச்சுக்கு நடுவே ஒட்டுவதற்கு. அப்படி எடுத்தது. ஆனால் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். ஆறு நிமிஷம் இருக்கிறது.

நாடாவையும் ஓட்டுவதற்கு ஒரு கருவியையும் விமானத்தில் அனுப்புகிறேன். முதலில் நீங்கள் மட்டும் கேளுங்கள். பிறகு அக்காவுக்குப் போட்டுக் காட்டுவதா, அடுப்பில் போடுவதா என்பது உங்கள் விருப்பம். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். குரலை மாற்றிய பிறகும் பாரிஸ்காரர்களுக்குப் புரியவில்லை.

உங்கள் மகன்,
கயேத்தான்



போர்-மெர்சியே
அக்டோபர் 14, 1974

அன்புள்ள தம்பி கயேத்தானுக்கு,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். நிஜமாகவே கேட்கிறேன்.

பெட்டி வந்து எட்டு நாள் அப்பா அதைத் தன் அறையில் வைத்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது தெரியும். சத்தத்தை எவ்வளவு குறைத்தாரோ, எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், சாப்பாட்டு மேசையைத் தானே துடைத்துக் கருவியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார். எங்கள் மூவரையும் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

கொஞ்ச நேரம் நம் குளிர்சாதனப் பெட்டியின் முனகல். பிறகு கதவு. பிறகு அப்பா.

"என்னடா தனியா உக்காந்திருக்கே?"

"அப்பா, ஒரு நிமிஷம் பேசாதீங்க. அமைதியைப் பதிவு பண்றேன்."

"அமைதியவா? நற்கருணைப் பேழையே! அதுக்குப் போயி சம்பளம் குடுக்குறாங்களா?"

நொர்மான் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கோயில் சாமான் பேரைச் சொல்லித் திட்டுகிற அந்தக் குரல், கயேத்தான். 'ர'வை உருட்டுகிற உருட்டல். ஒரு வருஷமாக என் காதில் அது தேய்ந்து தேய்ந்து, நானே கற்பனை செய்துகொண்ட குரலாக ஆகியிருந்தது. அசல் அதைவிடக் கொஞ்சம் மெல்லியது.

அப்புறம் அந்தக் குரல் சொன்னது, "நேத்து மண்டபத்துல கேட்டேன்டா. அந்தத் துணியில என் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. குரல எடுத்துடு."

"என்னப்பா சொல்றீங்க?"

"வேற ஆள வெச்சுப் பேசு. உங்க ஊருல நல்லா பேசத் தெரிஞ்சவன் இருப்பான் இல்ல? இது என்ன பேச்சு? நாய் எலும்பக் கடிக்கிற மாதிரி."

நீ வேண்டாம் என்கிறாய். மறுபடியும் வேண்டாம் என்கிறாய். அவர் கெஞ்சுகிறார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. "நீ நல்ல புள்ள இல்ல? அப்பனுக்காக இது ஒண்ணு செய்யி. யார்கிட்டயும் சொல்லாத, அக்காகிட்டகூட."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் உதடு நாடாவோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை. எட்டு நாளில் மனப்பாடம் செய்திருக்கிறார். கண் என்னையே பார்த்தபடி இருந்தது. நோட்டில் எழுத முடியாததை இப்படி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

ஓடி முடிந்தது. ஜோசேதான், "தாத்தா, திட்டுற இடத்த இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

தம்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நாலு மாதம் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறேன். சரி, இனி சரியான ஆளைத் திட்டலாம் என்று அவர் பக்கம் திரும்பினால், அவர் அழவும் இல்லை, தலை குனியவும் இல்லை. ஏதோ கடினமான வேலையை முடித்த ஆள் மாதிரி சூப்பைக் காட்டிப் பசிக்கிறது என்று சைகை செய்தார். ஊற்றிக் கொடுத்தேன். இவ்வளவு சிரமப்பட்டு நமக்குக் கிடைத்த குரல், என்னை எடுத்துவிடு என்று சொல்கிற குரல். அதைக் கேட்டு அழுவதா, சிரிப்பதா? ராத்திரி நொர்மானிடம் கேட்டேன். "ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

உன்னையும் கேட்கிறேன். நீ ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் உன்னை நம்பியிருப்பேனா என்றும் யோசித்தேன். நம்பியிருக்க மாட்டேன்.

இன்று காலை எழுந்து பார்த்தால் மேசை மேல் கருவி இல்லை. அப்பாவும் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டது. முதலில் குளிர்சாதனப் பெட்டி முனகல், பிறகு அவர் குரல், நற்கருணைப் பேழை, எல்லாம். மதாம் புர்க் வீட்டுச் சமையலறையில் மேசை மேல் கருவியை வைத்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். தடுக்கலாம் என்று செருப்பைக்கூட மாட்டினேன். அவர் அவமானப்பட்ட கதையை அவரே ஊருக்குப் போட்டுக் காட்டுகிறாரே! அதற்குள் அவர் கருவியை இடுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். முதுகை நிமிர்த்தி நடந்தார். வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கூப்பிடவில்லை.

மத்தியானத்துக்கு வரவில்லை. இப்போது மணி நாலு. ஏழாவது வீட்டில் இருக்கிறார் என்று ஜோசே ஓடிவந்து சொன்னாள். அங்கே, குரலை எடுத்துடு என்ற இடம் வந்ததும், கிழவர் துப்வா எழுந்து கருவியைப் பார்த்து, "எடுக்காதடா மடையா!" என்று கத்தினாராம். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு வா. உன்னைத் திட்டப்போகிறேனா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. எப்படியும் வா.

அன்புடன் அக்கா,
ரெஜான்